எண்ணெய்ச் சட்டியில் யார் பெரிய குற்றவாளி?

டீக்கடையில் வந்து நின்று "ஒரு டீ மட்டும் போதும் அண்ணே" என்று சொல்கிறவரை நம்பக் கூடாது. வாய்தான் அப்படிச் சொல்லும், கண் கண்ணாடிப் பெட்டியில் இருக்கும். டீ பாதி குடிப்பதற்குள் ஒரு வடை கைக்கு வந்துவிடும். வீட்டுக்குப் போன பிறகு "இன்னிக்கு எண்ணெய்ப் பலகாரம் தின்னுட்டேன், ராத்திரி சாப்பாடு வேண்டாம்" என்று ஒரு சின்னப் பிராயச்சித்தம்.

வருத்தப்படுவது சரி. ஆனால் எதற்கு எவ்வளவு வருத்தப்படுவது என்பதில்தான் நமக்குக் கணக்கு பிசகுகிறது. உருளைக்கிழங்கு போண்டாவைக் கண்டால் பதறுகிறோம். அதே ஆள் கல்யாணப் பந்தியில் மூன்று அப்பளத்தை நொறுக்கிப் போட்டுச் சாப்பிடுவார், மனசு கொஞ்சமும் உறுத்தாது. ஆகவே டீக்கடைத் தட்டில் போட்டியிடும் உளுந்து வடை, பருப்பு வடை, பஜ்ஜி, போண்டா நான்கையும் வரிசையில் நிறுத்தி, எது எவ்வளவு எண்ணெய் குடிக்கிறது, எது அதற்குத் தகுந்த ருசியைத் தருகிறது என்று பார்த்துவிடுவோம். சமோசாவைச் சேர்க்கவில்லை. பெரும்பாலான டீக்கடைகளில் அது வேறெங்கோ பொரித்து, பையில் கட்டி வந்து இறங்கும் சரக்கு. சட்டியிலிருந்து நேராக வருவதோடு அதைப் போட்டிக்கு விடுவது நியாயமில்லை.

முதலில் எண்ணெய் எப்படி உள்ளே போகிறது என்று தெரிந்துகொள்ள வேண்டும். காய்ந்த எண்ணெயில் மாவு விழுந்ததும் அதிலுள்ள தண்ணீர் ஆவியாகி வெளியே பாய்கிறது. சட்டியில் கேட்கும் சலசலப்பு அதுதான். ஆவி வெளியே தள்ளிக்கொண்டிருக்கும்வரை எண்ணெய்க்கு உள்ளே நுழைய அதிகம் வழியில்லை. வடையை வெளியே எடுத்துச் சூடு தணியும்போது உள்ளே மிச்சமிருக்கும் ஆவி குளிர்ந்து சுருங்குகிறது. அந்தக் காலி இடம் மேலே ஒட்டியிருக்கும் எண்ணெயை உள்ளே இழுத்துக்கொள்கிறது. பெரும்பங்கு எண்ணெய் உள்ளே போவது சட்டியை விட்டு வந்த பிறகுதான். நல்ல மாஸ்டர் ஜல்லிக்கரண்டியில் அள்ளி, சட்டி விளிம்பில் ரெண்டு தட்டு தட்டிக் கொஞ்ச நேரம் பிடித்து நிற்பதற்குக் காரணம் இதுதான். அவசரக்காரர் அப்படியே தட்டில் கொட்டிவிடுவார்.

ஆக, வடையைத் தாளில் வைத்து அழுத்தும் நம் வழக்கத்தில் நிஜமாகவே பலன் உண்டு, ஆனால் சூடாக இருக்கும்போது மட்டும். ஆறிப்போன வடையை எவ்வளவு பிழிந்தாலும் மனத்திருப்திக்குத்தான். தாள் செய்தித்தாளாக இருந்தால் இன்னொரு வம்பு: எண்ணெயோடு சேர்ந்து அச்சு மையும் வடைக்கு வந்துவிடும். செய்தித்தாளில் உணவைப் பொதியக் கூடாது என்று இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2018ஆம் ஆண்டு விதிகளே சொல்கின்றன. கடைக்காரர் காதில் அது விழுந்ததாகத் தெரியவில்லை.

இனி போட்டியாளர்கள்.

உளுந்து வடையின் தலைவிதி ஆட்டுக்கல்லிலேயே எழுதப்பட்டுவிடுகிறது. ஊறிய உளுந்தை வடிகட்டி, தண்ணீரைத் தெளித்துத் தெளித்துப் பொங்கப் பொங்க ஆட்ட வேண்டும். ஒரு சொட்டு மாவைத் தண்ணீரில் போட்டால் மிதக்க வேண்டும். மிதந்தால் உள்ளே காற்று இருக்கிறது, வடை பஞ்சு போல வரும். தண்ணீர் ஒரு கரண்டி கூடிவிட்டால் கதை மாறிவிடும். மாவு கையில் நிற்காது, ஓட்டை போட முடியாது, சட்டியில் விழுந்ததும் எண்ணெயைக் குடிக்கும். வெளியேற வேண்டிய தண்ணீர் எவ்வளவு அதிகமோ, எண்ணெய் புகுவதற்கான இடமும் அவ்வளவு அதிகம். வீட்டில் இப்படி ஆனால் ஒரு கைப்பிடி அரிசி மாவைப் போட்டுச் சமாளிப்பார்கள். கடையில் அப்படியே சுட்டுத் தள்ளுவார்கள். நடுவிலுள்ள ஓட்டையும் அழகுக்கு இல்லை. ஓட்டை இல்லாவிட்டால் ஓரம் சிவந்தும் நடு வேகாமல் இருக்கும், நடு வேகும்வரை விட்டால் ஓரம் கருகும்.

உளுந்து வடைக்கு மாலை நான்கு மணிக்கு மார்க் போடுவது அநியாயம். அது காலைப் பலகாரம். இட்லி, பொங்கல் பக்கத்தில், சாம்பாரில் பாதி முங்கி இருக்கும்போதுதான் அதற்கு மரியாதை. சுட்டு இருபது நிமிஷம் தாண்டினால் தோல் தொய்ந்துவிடும், கடித்தால் இழுக்கும். மாலை வரை பெட்டியில் கிடக்கும் உளுந்து வடையைத் தொடவே தொடாதீர்கள். அதை நாளைக்குத் தயிர் வடையாகச் சந்திக்க நேரும் என்பது வேறு விஷயம்.

இதே உளுந்தை வைத்து நேரெதிராக ஒன்று இருக்கிறது: அனுமாருக்குச் சாத்தும் மிளகு வடை. தோல் உளுந்தைக் கரகரப்பாக, கெட்டியாக ஆட்டி, மிளகு தட்டிப்போட்டு, தட்டையாகத் தட்டி, ஈரம் முழுக்கப் போகும்வரை பொரிப்பார்கள். நாமக்கல் ஆஞ்சநேயருக்கு அனுமன் ஜெயந்தியன்று 1,00,008 வடையில் மாலை சாத்துவது வழக்கம். அத்தனை வடையையும் நாட்கணக்கில் முன்கூட்டியே சுட்டால்தான் முடியும். மெதுவடையாக இருந்தால் கோர்ப்பதற்குள் ஊசிப்போயிருக்கும்.

அடுத்தது பருப்பு வடை. ஆமவடை என்றும் மசால் வடை என்றும் ஊருக்கொரு பெயர். சோம்பும் பட்டையும் சேர்ந்தால் மசால் வடை, வெறும் பெருங்காயமும் கறிவேப்பிலையும் என்றால் பருப்பு வடை என்று கறாராகப் பிரிப்பவர்களும் உண்டு. இதில் மாவே கிடையாது என்று சொல்லலாம். ஊறிய கடலைப் பருப்பை ஒட்ட வடித்து, ஒன்றிரண்டாக அரைத்து, ஒரு பிடி முழுப் பருப்பை அப்படியே கலந்து தட்டுகிறார்கள். சேரும் தண்ணீர் பருப்பு குடித்தது மட்டும்தான். ஆகவே உள்ளே அடர்த்தி, வெளியே மொறுமொறுப்பு. ஓரத்தில் தனியாக நீட்டிக்கொண்டிருக்கும் பருப்பு பொரிகடலை மாதிரி ஆகியிருக்கும். அதைத்தான் முதலில் பிய்த்துத் தின்ன வேண்டும்.

நல்ல பருப்பு வடையைச் சட்டி அருகே நின்று பார்த்தால் தெரியும். போட்டதும் நுரை பொங்கி வடையே கண்ணுக்குத் தெரியாது. கொஞ்சம் கொஞ்சமாக நுரை சிறுத்து, சத்தம் அடங்கி, வடை தானாக மேலே வந்து மிதக்கும். சத்தம் நன்றாக அடங்கும்வரை பொறுக்கிற மாஸ்டரின் வடை ஆறினாலும் மொறுமொறுப்பாக இருக்கும். கூட்ட நேரத்தில் நுரை இருக்கும்போதே அள்ளினால் வெளியே சிவப்பு, உள்ளே பச்சை மாவு. ஒரேயடியாகச் சட்டி நிறைய வடையைப் போடுவதும் இதே அளவு கெடுதல். எண்ணெயின் சூடு சட்டென்று இறங்கி, வடை பொரிவதற்குப் பதில் ஊறும். பல கடைகளில் கடலைப் பருப்புக்குப் பதில் விலை குறைந்த பட்டாணிப் பருப்பு போடுகிறார்கள். கடித்தால் கல் மாதிரி இருந்தால் அதுதான் விஷயம். ஆனால் அதே பட்டாணிப் பருப்பு வடையை நாகர்கோவில் பக்கம் ரசத்தில் ஊறப்போட்டு ரசவடை என்று கொடுக்கும்போது அமிர்தமாக இருக்கிறது. கடினமான வடைக்கு அதுதான் சரியான கதி.

ருசிக்கும் எண்ணெய்க்கும் கணக்குப் போட்டால் என் ஓட்டு பருப்பு வடைக்குத்தான். பருப்பு என்பதால் புரதம் இருக்கிறது என்று ஒரு சமாதானமும் சொல்லிக்கொள்ளலாம். வயிற்று உப்புசம் உள்ளவர்கள் மட்டும் இரண்டோடு நிறுத்துவது நல்லது.

பஜ்ஜி. என்னைக் கேட்டால் நான்கில் இதுதான் உண்மையான குற்றவாளி. காரணம் அதன் உடம்பிலேயே இருக்கிறது. மெல்லிய வாழைக்காய்ச் சீவல், இரண்டு பக்கமும் மாவுப் போர்வை. கனம் குறைவு, பரப்பு அதிகம். மாவோ தோசை மாவைப் போலத் தளர்ந்தது. அதில் உப்பி வரட்டும் என்று ஆப்ப சோடாவை வேறு தாராளமாகப் போடுகிறார்கள். சோடா மாவுக்குள் குட்டிக் குட்டி ஓட்டைகளைப் போட்டு வைக்கிறது, ஒவ்வொரு ஓட்டையும் எண்ணெய்க்கு ஒரு வாசல். பஜ்ஜி இருந்த தாளைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள், மறுபக்கம் நிற்கிற ஆள் தெரிவார்.

வீட்டில் செய்யும்போது இதைக் குறைக்க வழி இருக்கிறது. சோடாவை விட்டுவிட்டு, கடலை மாவில் நாலில் ஒரு பங்கு அரிசி மாவு சேர்த்து, மாவைக் கொஞ்சம் கெட்டியாக வைத்து, அதில் முக்கியெடுத்த சீவலைக் கிண்ண விளிம்பில் வழித்துவிட்டுப் போட வேண்டும். உப்பாது, ஆனால் முறுகும். இந்த முறையில் செய்த வெங்காய பஜ்ஜிக்கும் கடை பஜ்ஜிக்கும் உறவே இல்லை என்று சொல்லிவிடலாம்.

இவ்வளவு திட்டியும் மிளகாய் பஜ்ஜிக்கு மட்டும் விலக்கு. மெரினாவில் காற்று வாங்கிக்கொண்டே தின்பதால் இந்தச் சலுகை என்று நினைக்க வேண்டாம். பஜ்ஜி மிளகாய் சதைப்பற்றுள்ளது, காரம் கம்மி. பொரியும்போது அதன் ஈரம் உள்ளேயே வெந்து, கடித்ததும் மிளகாய்ச் சாறும் கடலை மாவும் சேர்ந்து ஒரு ருசி வருகிறது. வாழைக்காய் பஜ்ஜியில் மாவின் ருசிதான் இருக்கும், வாழைக்காய் வெறும் சாட்சி.

போண்டாவுக்கு இழைக்கப்படும் அநீதியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். உருண்டையாக, கனமாக இருப்பதால் எல்லாரும் அதைத்தான் முதல் எதிரி என்கிறார்கள். ஆனால் கனத்துக்கு ஏற்ற பரப்பைப் பார்த்தால் உருண்டைக்குத்தான் எல்லாவற்றையும்விடக் குறைவு. உள்ளே ஏற்கெனவே வெந்த உருளைக்கிழங்கு மசாலா, வெளியே மெல்லிய மாவுத் தோல். எண்ணெய் தோலோடு நின்றுவிடும். அதன் பாரம் கிழங்கின் பாரம். வயிறு நிறைவதும் அதனால்தான். சாப்பாட்டைத் தவறவிட்ட நாளில் இரண்டு போண்டாவும் கெட்டிச் சட்னியும் ஒரு வேளைக்குத் தாங்கும். பஜ்ஜி தின்றால் அரை மணியில் நெஞ்சு கரிக்கும், பசி மட்டும் அப்படியே இருக்கும். ருசியில் போண்டா முதலிடம் வராது, அதை ஒப்புக்கொள்கிறேன். சட்னி இல்லாமல் அதைத் தின்ன ஒரு தைரியம் வேண்டும்.

போட்டிக்கு வெளியே ராத்திரிக்கு ஒருவர் இருக்கிறார்: விருதுநகர் எண்ணெய்ப் பரோட்டா. பரோட்டா மாவே எண்ணெயில் ஊறியது. அதைக் கல்லில் சுடாமல் எண்ணெயிலேயே பொரித்தெடுத்து, நொறுக்கி, சால்னாவை ஊற்றித் தருவார்கள். அடுக்கடுக்காக விரியும் ஒவ்வொரு இதழும் எண்ணெய் தங்க ஒரு திண்ணை. இதற்குக் கணக்கு பார்க்கிறவர் விருதுநகரில் இறங்கக் கூடாது.

குற்றம் சாட்டப்படாமல் தப்பித்துக்கொண்டே இருப்பவர்களைப் பார்ப்போம். அப்பளத்தைவிட மெல்லியது பந்தியில் எது இருக்கிறது? முழுக்கப் பரப்புதான், கனமே கிடையாது. எடைக்கு எடை வைத்தால் எந்த வடையும் அதனிடம் தோற்கும். பூரியும் உப்பி உள்ளே வெளியே என்று இரட்டிப்புப் பரப்போடு வருகிறது, ஞாயிற்றுக்கிழமை டிபன் என்ற மரியாதையோடு உட்கார்ந்துவிடுகிறது. பாக்கெட் சிப்ஸோ இன்னும் மோசம், எடையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு எண்ணெய்தான். கையில் எண்ணெய் வழியாததால் தெரிவதில்லை. ஒரு மேசைக்கரண்டி எண்ணெய் சுமார் 120 கலோரி. 2024இல் வந்த தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் வழிகாட்டல், 2000 கலோரி சாப்பாட்டில் எண்ணெய் கொழுப்புக்கு ஒதுக்கியிருப்பது நாளொன்றுக்கு 27 கிராம். அதாவது அப்படிப்பட்ட இரண்டு கரண்டி. தாளிப்புக்கும் தோசைக்கும் போக வடைக்கு மிஞ்சுவது கொஞ்சம்தான்.

பலகாரம் எது என்பதைவிடப் பெரிய கேள்வி, சட்டியில் இருக்கும் எண்ணெய்க்கு வயது என்ன என்பது. டீக்கடைகளில் அதிகம் ஓடுவது பாமாயில். விலை ஒரு காரணம், சூட்டைத் தாங்கும் என்பது இன்னொன்று. சூரியகாந்தி எண்ணெய் வீட்டுத் தாளிப்புக்குப் பரவாயில்லை, நாள் முழுக்கக் கொதிக்கும் சட்டியில் அது சீக்கிரம் கெட்டுப்போகும். ஆனால் எந்த எண்ணெயையும் திரும்பத் திரும்பக் காய்ச்சினால் போலார் சேர்மங்கள் என்ற சிதைவுப் பொருள்கள் கூடிக்கொண்டே போகும். அவை 25 சதவீதத்தைத் தாண்டிய எண்ணெயைப் பயன்படுத்தக் கூடாது என்ற விதி 2018 ஜூலை 1 முதல் இருக்கிறது. அளக்கும் கருவி நம்மிடம் கிடையாது, கண்ணும் மூக்கும் போதும். எண்ணெய் கருத்து, ஜவ்வு மாதிரி ஒட்டி, வடையை எடுத்த பின்னும் நுரை அடங்காமல், லேசான சூட்டிலேயே புகைந்தால் டீயோடு கிளம்பிவிடலாம். பழைய எண்ணெயின் மேல் புது எண்ணெயை ஊற்றிக்கொண்டே போகிற கடையில் எந்த வடையும் நல்ல வடை இல்லை.

அதேபோல "அண்ணே, எது சூடா இருக்கு?" என்று கேட்காதீர்கள். "எல்லாமே சூடுதான் தம்பி" என்றுதான் பதில் வரும். "அடுத்த ஈடு எப்ப எடுப்பீங்க?" என்று கேட்டால் உண்மை வெளியே வரும்.

எண்ணெயே வேண்டாம் என்பவர்கள் இப்போது ஏர் ஃப்ரையர் பக்கம் போகிறார்கள். அது வெறும் சூடான காற்றைச் சுற்றிவிடும் சின்ன அடுப்பு. சமோசா, கட்லெட் போன்றவற்றை ஓரளவு ஒப்பேற்றும். பஜ்ஜி அதில் நடக்காது, தளர்ந்த மாவு கம்பி வழியாக ஒழுகிவிடும். பருப்பு வடை வரும், ஆனால் தொண்டையை அடைக்கிற அளவு வறண்டு வரும். அந்தக் காசுக்கு வீட்டுப் பரணில் கிடக்கும் குழிப்பணியாரச் சட்டியை இறக்கலாம். குழிக்கு அரைக் கரண்டி எண்ணெய் விட்டு, போண்டாவையோ உளுந்து வடை மாவையோ ஊற்றித் திருப்பிப் போட்டால் சுற்றிலும் சிவந்து வரும். ஓட்டை இல்லாத குறையைத் தவிர உளுந்து வடைக்கு அது நல்ல மாற்று. பருப்பு வடைக்கு மட்டும் அதுவும் ஒத்துவராது. குழியின் அடியில் படும் பக்கம் முறுகும், ஓரத்துப் பருப்பு பொரியாமல் வெந்து நிற்கும்.