கேப்பா, சி அண்ட் ஓவா, கேட்டியா? கார் வராத மூணு சைக்கிள் பாதை, ஒரு அலசல்

அமெரிக்கால நம்ம ஆளுங்க இருக்குற எந்த சைக்கிள் வாட்ஸப் குரூப்ல பார்த்தாலும் ஏப்ரல் பொறந்தா இந்த கேள்வி வந்துரும். ஒரு வாரம் லீவ் இருக்கு, கார் லாரி கூட மல்லுக்கட்டாம காடு, ஆறுன்னு நிம்மதியா ஓட்டணும், எங்க போலாம்? பதிலும் சுத்தி சுத்தி மூணு பேர்ல தான் வந்து நிக்கும். பிட்ஸ்பர்க்ல ஆரம்பிக்குற கிரேட் அலெகேனி பேசேஜ், சுருக்கமா கேப். அது முடியுற மேரிலண்ட் கம்பர்லண்ட்ல இருந்து வாஷிங்டன் டிசி வரைக்கும் போற சி அண்ட் ஓ, அதாவது செசபீக் அண்ட் ஓஹையோ கால்வாய் பாதை. அப்புறம் மிசௌரில இருக்குற கேட்டி ட்ரெயில்.

உடனே யாராவது மைல் கணக்கும் ஏத்த கணக்கும் போட்டு ஒரு டேபிள் அனுப்புவாங்க. கேப் 150 மைல், சி அண்ட் ஓ 184.5 மைல், கேட்டி சுமார் 240 மைல். சரி, ஆனா அத வச்சு முடிவெடுக்குறதுல அர்த்தமே இல்ல, ஏன்னா மூணுமே கிட்டத்தட்ட சமதளம் தான். கேப்பும் கேட்டியும் பழைய ரயில் லைன், தண்டவாளத்த எடுத்துட்டு பாதையாக்குனது, கூட்ஸ் வண்டியால செங்குத்தா ஏற முடியாதுங்குறதால அந்த காலத்து இஞ்சினியருங்க மலையைக் குடைஞ்சு பள்ளத்துக்கு மேல பாலம் போட்டு சரிவ ஒண்ணு ரெண்டு சதவீதத்துக்குள்ள வச்சிட்டாங்க, அந்த புண்ணியத்த இப்ப நம்ம கால் முட்டி அனுபவிக்குது. சி அண்ட் ஓ கால்வாய்க்கரை, தண்ணி ஓரத்துல போற பாதைல ஏத்தம் எங்க இருந்து வரும். அதனால என்னைக் கேட்டா பார்க்க வேண்டியது மூணே விஷயம்: மழை பெஞ்சா தரை என்னாகுது, ராத்திரி எங்க படுக்குறது, முடிச்சுட்டு எப்படி திரும்புறது.

முதல்ல கேப். எனக்கு இதுதான் ஃபேவரிட்டு, மறைக்கல. தரை பெரும்பாலும் நுணுக்குன சுண்ணாம்புக்கல் போட்டு அமுக்குனது, ராத்திரி முழுக்க மழை ஊத்தினாலும் காலைல டயர்ல கொஞ்சம் வெள்ளைத் தூள் ஒட்டும், அவ்ளோதான். 1986ல ஓஹையோபைல் பக்கம் ஒரு சின்ன துண்டா ஆரம்பிச்சு துண்டு துண்டா சேர்த்து 2013ல தான் பிட்ஸ்பர்க் வரைக்கும் முழுசா இணைஞ்சது. பாதை யாக்கிகேனி ஆத்தோரமாவே போகும், ஓஹையோபைல் வர்றப்ப காடு நல்லா அடர்த்தியாகி ஆத்துக்கு மேல உயரமா பாலங்கள் வரும், கீழ ராஃப்டிங் போறவங்க கத்துறது மேல வரைக்கும் கேக்கும், ஊருக்குள்ளயே அருவி. ஆர்க்கிடெக்ட் ஃபிராங்க் லாயிட் ரைட் கட்டுன ஃபாலிங்வாட்டர் வீடும் அங்கிருந்து சில மைல்ல தான், ஆனா அதுக்கு ட்ரெயில விட்டு கார் ஓடுற மேட்டு ரோட்ல ஏறணும், சைக்கிள்ல வேணாம்னு தான் சொல்லுவேன்.

கேப்போட உயிரே கிழக்குப் பாதி தான். மேயர்ஸ்டேல் வர்றதுக்கு கொஞ்சம் முன்னாடி சாலிஸ்பரி வயடக்ட், 1,908 அடி நீளப் பாலம், கீழ ஆறு, ஹைவே, ஓடிட்டு இருக்குற ரயில் லைன், வயக்காடு எல்லாத்தையும் தாண்டிப் போகும். அப்புறம் கிழக்கு கண்டப் பிரிப்புக்கோடு, 2,392 அடி உயரம். இதுக்கு ஒரு பக்கம் விழுற மழை மெக்ஸிகோ வளைகுடாவுக்குப் போகும், இன்னொரு பக்கம் விழுறது அட்லாண்டிக்குக்கு. அத தாண்டுனதும் பிக் சேவேஜ் சுரங்கம், 3,294 அடி, உள்ள லைட் இருக்கு, வெயில் காலத்துலயும் சில்லுனு காத்து முகத்துல அடிக்கும். வெளிய வந்தா மலைச்சரிவு அப்படியே திறந்து மேரிலண்ட் பக்கம் பூரா தெரியும். ஒரு எச்சரிக்கை, குளிர்காலத்துல இந்த சுரங்கத்தோட கதவ மூடிருவாங்க, சுத்திப் போற ரோடு சைக்கிளுக்கு ஆகாது, அதனால டிசம்பர்ல இருந்து மார்ச் வரைக்கும் முழு கேப்ப மறந்துருங்க.

எந்தப் பக்கத்துல இருந்து ஆரம்பிக்கிறதுன்னு பெரிய பஞ்சாயத்தே நடக்கும். பிட்ஸ்பர்க்ல இருந்து வந்தா 126 மைல் தூரத்துல 1,700 அடி போல ஏறுவீங்க, ஏறுறதே தெரியாது, கடைசி 24 மைல் கம்பர்லண்ட் வரைக்கும் இறக்கம், பெடல் மிதிக்காமலே பல மைல் போலாம். கம்பர்லண்ட்ல ஆரம்பிச்சா அந்த 24 மைலும் விடாம ஏத்தம். செங்குத்தா இல்ல, ஆனா பை மாட்டுன சைக்கிள்ல மூணு மணி நேரம் நிக்காம மிதிச்சா யாருக்கும் கடுப்பு வரும். குழந்தைங்க கூட வந்தா பிட்ஸ்பர்க்ல இருந்து வாங்க, பேச்சே இல்ல.

இன்னொரு காரணமும் இருக்கு. பிட்ஸ்பர்க்னா நம்மவங்களுக்கு பென் ஹில்ஸ் வெங்கடேஸ்வரா கோவில், 1970கள்ல இருந்து இருக்குறது, அங்க கேன்டீன் புளியோதரைய பத்தி தெரியாத தமிழ் குடும்பம் அமெரிக்காவோட கிழக்குப் பக்கத்துல கம்மி. கிளம்புறதுக்கு முந்தின நாள் தரிசனத்த முடிச்சு நாலு பாக்கெட் கட்டிக்கிட்டா ரெண்டாவது நாள் மதியம் வரைக்கும் கவலை இல்ல. சைவக்காரங்களுக்கு இது சின்ன விஷயம் கிடையாதுங்க, வழியில இருக்குற குட்டி ஊர்ல கிரில்டு சீஸ், ஃப்ரைஸ், பீட்சா, திரும்ப கிரில்டு சீஸ், அதான் மெனு.

இப்ப சி அண்ட் ஓ. வரலாறு பிடிச்சவங்களுக்கு இதுக்கு ஈடே கிடையாது. 1828 ஜூலை 4ல தோண்ட ஆரம்பிச்சு கம்பர்லண்ட் வந்து சேர 1850 ஆயிடுச்சு, அதுக்குள்ள ரயில் எட்டு வருஷம் முன்னாடியே அங்க வந்து நின்னுடுச்சு, பொறக்கும்போதே தோத்துப்போன கால்வாய்னு சொல்லலாம். ஆனாலும் 1924 வெள்ளம் வரைக்கும் நிலக்கரிப் படகு ஓடிச்சு. கரையில நடந்த கோவேறு கழுதைங்க கயித்துல படகை இழுத்துட்டுப் போன பாதைலதான் இப்ப நாம சைக்கிள் ஓட்டுறோம். மொத்தம் 605 அடி உயர வித்தியாசத்த சமாளிக்க 74 லாக், அதாவது கதவ மூடி தண்ணிய நிரப்பி படகை படி படியா ஏத்துற கல் தொட்டிங்க. அதுல காவல் இருந்தவங்களோட பழைய வீடு சிலத புக் பண்ணி ராத்திரி தங்கவும் முடியும். 1950கள்ல இதுமேல கார் ரோடு போடுற திட்டம் வந்தப்ப சுப்ரீம் கோர்ட் ஜட்ஜ் வில்லியம் டக்ளஸ் வாஷிங்டன் போஸ்ட் ஆசிரியருங்கள கூப்பிட்டு 1954ல முழு தூரமும் நடந்து காட்டினாரு, ரோடு திட்டம் படுத்துருச்சு, 1971ல தேசிய வரலாற்றுப் பூங்கா ஆச்சு. கார் இல்லாம நாம ஓட்டுறதுக்கு அந்த மனுஷனுக்கு ஒரு கும்பிடு போடலாம்.

ஆனா தரை? மழை பெஞ்சா நாத்து நடுற வயல் மாதிரி தான். மண்ணும் களியும் கலந்த பாதை, வேர் துருத்திட்டு நிக்கும், பள்ளத்துல தண்ணி ரெண்டு மூணு நாள் தேங்கும், மட்கார்டுக்குள்ள சேறு அடைச்சு வீல் சுத்தாது. சமீப வருஷங்கள்ல சில பகுதிகள்ல புதுசா கல்தூள் போட்டு நல்லா பண்ணிருக்காங்க, ஆனா முழுசா இல்ல. கேப்ல 32 மில்லிமீட்டர் டயர்ல போய்டலாம், இங்க 40க்கு கீழ போட்டுட்டு வராதீங்க. கேப்ல ஒரு நாளைக்கு 50 மைல் போறவங்க இங்க ஈரத்துல 35 போனாலே பெரிய விஷயம். ஒரு தப்பிக்குற வழி இருக்கு, லிட்டில் ஆர்லியன்ஸ்ல இருந்து ஹேன்காக் வழியா பிக் பூல் வரைக்கும் பக்கத்துலயே வெஸ்டர்ன் மேரிலண்ட் ரெயில் ட்ரெயில் சுமார் 28 மைலுக்கு தார் போட்டு வழவழன்னு கிடக்கு, யோசிக்காம அதுக்கு மாறிடுங்க.

கால்வாயும் பாதையும் சேர்ந்தே உள்ள போற பா பா சுரங்கம் 3,118 அடி, லைட் கிடையாது, உள்ள சைக்கிள தள்ளிட்டுத்தான் நடக்கணும், டார்ச் இல்லாம போனா ஒரு பக்கம் செங்கல் சுவர், இன்னொரு பக்கம் கைப்பிடிக்கு அந்தாண்ட தண்ணி. பயமும் ஒரு மாதிரி சந்தோஷமும் கலந்த அனுபவம், கண்டிப்பா விடக்கூடாது. மோனோகசி ஆத்துக்கு மேல ஏழு வளைவுல கால்வாயையே தூக்கிட்டுப் போற கல் பாலம் இன்னொண்ணு. கடைசியில கிரேட் ஃபால்ஸ்ல போடோமக் ஆறு பாறைய உடைச்சிட்டு கொட்டுறது, டிசிக்கு இவ்ளோ கிட்டயான்னு நம்பவே முடியாது.

தங்குறதுல சி அண்ட் ஓ தான் ஜெயிக்கும், டென்ட் ஆளா இருந்தா. அஞ்சாறு மைலுக்கு ஒண்ணுன்னு பாதை ஓரத்துலயே இலவச கேம்ப் இடம் நிறைய, டேபிள், டாய்லெட், கைபம்ப், முன்பதிவே கிடையாது, ஒரு இடத்துல ஒரு ராத்திரி. குளிர்காலத்துல பம்ப் கைப்பிடிய கழட்டிருவாங்க, அத கணக்குல வச்சுக்கோங்க. காதுல வைக்க பஞ்சும் எடுத்துக்கோங்க, ஆத்துக்கு பக்கத்துல கூட்ஸ் ட்ரெயின் ராத்திரி பூரா ஊதிட்டுப் போகும், கேப்லயும் இதே கதை தான். டென்ட் பிடிக்காதவங்களுக்கு கேப் நல்லது, பத்து இருபது மைலுக்கு ஒரு ஊர், பெரும்பாலும் பாதையிலயே இறங்கி ரூமுக்குப் போயிரலாம்.

கேட்டிய சுருக்கமா முடிச்சிடுறேன், ஏன்னா பாதி தூரம் எனக்கு போரு. மிசௌரி கேன்சஸ் டெக்ஸஸ் ரயில்வேயோட லைன், 1986 வெள்ளத்துக்கு அப்புறம் கைவிட்டது. பின்னாடி ரயிலுக்கு தேவைப்படலாம்னு நிலத்த உடையாம வச்சு அதுவரைக்கும் பாதையா விடலாம்னு 1983ல வந்த சட்டத் திருத்தம் தான் இத காப்பாத்துச்சு. பூன்வில்லுக்கு மேற்க வயக்காடும் வெயிலும், ஜூலைல போனீங்கன்னா வறுபட்டுருவீங்க. ஆனா ரோச்சபோர்ட்ல இருந்து ஜெஃபர்சன் சிட்டி வரைக்கும் ஒரு பக்கம் மிசௌரி ஆறு, மறுபக்கம் தலைக்கு மேல நிமிர்ந்து நிக்குற சுண்ணாம்புப் பாறைச் சுவர், அது மத்த ரெண்டு பாதைலயும் கிடையாது. அக்டோபர்ல அந்த துண்ட மட்டும் ரெண்டு நாளா ஓட்டுங்க, போதும். வைன் குடிக்குறவங்க கிழக்க அகஸ்டா வரைக்கும் நீட்டிக்கலாம், அமெரிக்காலயே அரசு அங்கீகாரம் கிடைச்ச முதல் திராட்சை வட்டாரம் அதுதான், 1980ல. தரை கேப் மாதிரி கல்தூள் தான், ஆனா மிசௌரி ஆறு பொங்கினா மைல் கணக்குல மூடிருவாங்க, 1993லயும் 2019லயும் ஆத்தோட அடிச்சிட்டே போயிருச்சு.

கடலும் பாறையும் தான் வேணும்னு அடம் பிடிக்குறவங்களுக்கு இந்த மூணும் ஆகாது, கலிஃபோர்னியால மான்டெரே கடலோரப் பாதை இருக்கு, அதுவும் பழைய ரயில் லைன் தான், காஸ்ட்ரோவில்ல இருந்து பசிஃபிக் குரோவ் வரைக்கும் 18 மைல். அழகு. ஆனா ஒரு நாள் பாதை, ஒரு வார லீவுக்கு பத்தாது. சனிக்கிழமை கூட்டத்துல சைக்கிள்ல போறத விட நடந்தே போயிரலாம்னு தோணும்.

திரும்புற விஷயத்துல கேட்டிய மட்டம் தட்ட முடியாது, செடேலியா, ஜெஃபர்சன் சிட்டி, ஹெர்மன் எல்லாம் ஆம்ட்ராக், அதாவது அமெரிக்க பாசஞ்சர் ரயில், ஸ்டேஷன் உள்ள ஊரு, எங்க வேணா முடிச்சுட்டு ஏறிக்கலாம். கேப்புக்கும் சி அண்ட் ஓவுக்கும் டிசி, ஹார்ப்பர்ஸ் ஃபெரி, கம்பர்லண்ட், கனெல்ஸ்வில், பிட்ஸ்பர்க் எல்லாத்தையும் தொட்டுட்டுப் போறது ஒரே ட்ரெயின், முன்ன கேபிடல் லிமிடெட், 2024 நவம்பர்ல இருந்து ஃப்ளோரிடியன். சைக்கிளுக்கு இடம் ரொம்ப கம்மி, பிட்ஸ்பர்க் வந்து சேர நடுராத்திரி பக்கம் ஆயிரும், கிளம்புறதும் விடியக்காலை தான். அதனால சைக்கிள் இடத்த முதல்ல புக் பண்ணிட்டு, அந்த தேதிக்கு ஏத்த மாதிரி லீவ் போடுங்க.