பழைய கார் ஸ்டார்ட்டர்: நேரடி வயரா, ரிலேயா?

சாவியைத் திருப்பினால் ‘டக்’ சத்தம் மட்டும்தானா? கியரை நியூட்ரலில் போட்டு, பேட்டரி பாசிட்டிவிலிருந்து சோலினாய்டின் (ஸ்டார்ட்டர் மோட்டாரை இயக்கும் காந்த சுவிட்ச்) சிறிய முனைக்கு ஒரு நொடி வயர் கொடுங்கள். மோட்டார் நன்றாகச் சுற்றினால், கோளாறு சாவி வயரிங்கில். சரிசெய்ய இரண்டு வழி: சாவி சுவிட்சிலிருந்து சோலினாய்டுக்கு நேரடியாகப் புது வயர், அல்லது நடுவில் ரிலே (சிறு கரண்டால் பெரிய கரண்டைத் திறந்து மூடும் சுவிட்ச்).

செலவு
நேரடி: புது வயர், சுவிட்ச்.
ரிலே: 40 ஆம்பியர் ரிலே, 30 ஆம்பியர் ஃபியூஸ், 4 சதுர மி.மீ. வயர்.

எவ்வளவு நாள் உழைக்கும்
நேரடி: சோலினாய்டின் மொத்தக் கரண்டும் சாவி சுவிட்ச் வழியே போகும், நாளடைவில் முனைகள் கருகும்.
ரிலே: சுவிட்சுக்கு அரை ஆம்பியர்கூட வராது. ஆனால் மட்டமான ரிலே ஒட்டிக்கொண்டால், சாவியை விட்டாலும் மோட்டார் சுற்றும். தரமானதையே வாங்குங்கள்.

ரிலே இணைப்பு (எண்கள் ரிலே முனைகளில் இருக்கும்): 30-க்கு ஃபியூஸ் வழியே பேட்டரி, 87 சோலினாய்டுக்கு, 86-க்குப் பழைய சாவி வயர், 85 எர்த்.

சுவிட்ச் எளிதில் கிடைக்கும் வண்டிக்கு நேரடி போதும். கிடைக்காத பழைய மாடலுக்கு ரிலேதான். எர்த் பட்டை (பேட்டரி நெகட்டிவை வண்டி பாடியோடு இணைப்பது) துருப்பிடித்திருந்தால் இரண்டுமே உதவாது. அதை முதலில் மாற்றுங்கள்.