பிரஷர் மாத்திரையுடன் விதை எண்ணெய்கள்: நீண்ட காலப் பயன்பாட்டில் கண்டவை

உயர் இரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுபவர்கள் கருஞ்சீரக எண்ணெயும் ஆளிவிதை எண்ணெயும் சேர்த்துக்கொள்ளலாமா என்று கடலூரில் தெரிந்தவர்கள் பலர் கேட்கிறார்கள். இரண்டையும் நெடுநாள் பயன்படுத்தியவன் என்பதால் விரிவாகவே எழுதுகிறேன்.

மருத்துவரிடம் சொல்லிவிட்டுத்தான் தொடங்கினேன். அம்லோடிபின் மாத்திரையை நிறுத்தவில்லை. காலை உணவுக்குப் பின் ஒரு தேக்கரண்டி கருஞ்சீரக எண்ணெய். அதன் கசப்பும் காரமும் தொண்டையைப் பிடிக்கும். வெறும் வயிற்றில் குடித்தால் எதுக்களிக்கும். மோர் குடித்தாலும் வாடை போகாது. ஆளிவிதை எண்ணெயைச் சூடாக்கக் கூடாது என்பதால் ஆறிய கீரை மசியலில் ஊற்றிக்கொண்டேன். நம் ஊர் வெக்கையில் அது சீக்கிரமே காறிப்போகும். கருநிறப் புட்டியில் சிறிய அளவாக வாங்கி ஃபிரிட்ஜில் வைப்பதே நல்லது.

140ஐ ஒட்டியே நின்ற இரத்த அழுத்தத்தின் மேல் அளவு (சிஸ்டாலிக்), சில மாதங்களில் 130க்குச் சற்று மேலே வந்து நிலைத்தது. ஆனால் அதே காலத்தில்தான் கருவாட்டையும் ஊறுகாயையும் குறைத்து, தேவனாம்பட்டினம் கடற்கரையில் மாலை நடையும் தொடங்கியிருந்தேன். ஆகவே முழுப் பலனையும் எண்ணெயின் கணக்கில் எழுத மனம் ஒப்பவில்லை.

என் போக்கை மாற்றியது நம் மாவட்டத்து ஆய்வுதான். சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தார் 2006இல் வெளியிட்ட அந்த ஆய்வில், ஏற்கெனவே மாத்திரை சாப்பிட்டு வந்த நோயாளிகள் 45 நாட்களுக்கு நல்லெண்ணெயை மட்டுமே சமையலில் பயன்படுத்தியபோது இரத்த அழுத்தம் இறங்கியது; அதை நிறுத்தியபின் மீண்டும் ஏறியது. இங்கே கவனிக்க வேண்டியது, அவர்கள் இருந்த எண்ணெயை மாற்றினார்களே தவிர, கூடுதலாக ஒரு கரண்டி குடிக்கவில்லை என்பதுதான். ஒரு கிராம் எண்ணெயில் 9 கலோரி இருப்பதால், மேல்கணக்காகக் குடிப்பது எடையைத்தான் ஏற்றும். கனடாவில் நடந்து 2013இல் வெளியான ஆளிவிதை ஆய்விலும் கொடுத்தது எண்ணெய் அல்ல, நாளொன்றுக்கு 30 கிராம் அரைத்த விதை. அதைப் படித்தபின் எண்ணெய்ப் புட்டியை விட்டுவிட்டு, வறுத்த ஆளிவிதையை இட்லிப் பொடியோடு சேர்த்தே அரைக்கிறோம். தாளிக்கச் செக்கு நல்லெண்ணெய். கருஞ்சீரக எண்ணெயை இப்போது வாங்குவதில்லை.

என்னைக் கலங்க வைப்பது வேறொன்று. உறவினர் ஒருவர், அளவு இறங்கிவிட்டது என்று மாத்திரையையே நிறுத்தினார். சில வாரங்களில் மேல் அளவு 180ஐத் தாண்டி, தலைசுற்றலோடு மருத்துவமனையில் சேர்க்க வேண்டியதாயிற்று. 2021 முதல் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கே மாத்திரை வரும் ஊரில் இப்படி நடக்கலாமா? இரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்ஃபரின், ஆஸ்பிரின் போன்ற மருந்து எடுப்பவர்களுக்குக் கருஞ்சீரக, ஆளிவிதை எண்ணெய்களால் இரத்தக் கசிவு கூடலாம். அவர்களும், அறுவை சிகிச்சைக்கு நாள் குறித்தவர்களும், மருத்துவரைக் கேட்காமல் ஒரு சொட்டும் தொட வேண்டாம்.