தில்லைநகர் ஸ்கேனும் உறையூர் தையல் கடையும்

தம்பி மகள் கல்யாணத்துக்காகத் திருச்சி போயிருந்தேன். எனக்கு இடது மார்பை எடுத்துவிட்டு அந்த இடத்தில் சிலிகான் இம்ப்ளான்ட் (மார்பு வடிவத்துக்காக உள்ளே வைக்கும் செயற்கைப் பை) வைத்துச் சில வருடங்கள் ஆகின்றன. கல்யாண வேலைகளுக்கு நடுவே அது சம்பந்தமான என் வேலைகளையும் ஊரிலேயே முடித்துக்கொண்டேன். இதே நிலையில் வெளிநாட்டிலிருந்து ஊருக்கு வருகிறவர்களுக்கு உதவும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

விமான நிலையத்தை நினைத்து யாரும் பயப்பட வேண்டாம். சிலிகானில் உலோகம் கிடையாது, டிடெக்டர் கத்தாது. திரைக்குப் பின்னால் பெண் காவலர் தடவிப் பார்த்துவிட்டு அனுப்பிவிடுவார். பெட்டியை மேலே தூக்கி வைக்கும் வேலையை மட்டும் வேறு யாரிடமாவது விட்டுவிடுங்கள். என்னைப் போல இம்ப்ளான்ட் தசைக்கு அடியில் இருந்தால், கையை இறுக்கும்போதெல்லாம் மார்பே ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு போகும்.

நான் இருப்பது நியூஜெர்சி. மார்பை எடுக்கும் ஆபரேஷனுக்குப் பணம் தரும் இன்சூரன்ஸ் அதைத் திரும்ப அமைப்பதற்கும், இரண்டு பக்கத்தையும் சமமாக்குவதற்கும் தர வேண்டும் என்று அமெரிக்காவில் 1998இல் சட்டமே போட்டார்கள். அதெல்லாம் ஒழுங்காக நடந்தது. பிறகு சோதித்துப் பார்க்கும் ஸ்கேனுக்குத்தான் போனிலேயே மல்லுக்கட்ட வேண்டியிருந்தது. சிலிகான் உறை உள்ளே கிழிந்தால் பெரும்பாலும் வெளியே ஒன்றும் தெரியாது. அதனால் தொந்தரவு எதுவும் இல்லாவிட்டாலும், வைத்த 5, 6 வருடத்தில் அல்ட்ராசவுண்டோ எம்.ஆர்.ஐ.யோ எடுக்க வேண்டும், அதன் பிறகு 2, 3 வருடத்துக்கு ஒருமுறை எடுக்க வேண்டும் என்று அமெரிக்க அரசின் மருந்து, உணவுக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 2020இல் சொல்லியிருக்கிறது. சரி, ஊரில் பார்த்துக்கொள்ளலாம் என்று வந்துவிட்டேன்.

முதலில் போன இடம் சரிப்படவில்லை. பெண்களுக்கான ஹெல்த் செக்கப் பேக்கேஜ், அதில் மேமோகிராம் இரண்டு பக்கமும் உண்டு. இடது பக்கம் மார்பகமே இல்லை, இம்ப்ளான்ட்தான் இருக்கிறது, அதை அழுத்திப் படமெடுப்பதில் பயன் இல்லை, வலது பக்கம் மட்டும் எடுத்தால் போதும் என்று கவுன்டரில் சொன்னேன். "பேக்கேஜ்ல ரெண்டு சைடும் இருக்கு மேடம், குறைக்க முடியாது" என்றது அந்தப் பெண். பணத்தைக் குறைக்கச் சொல்லவில்லை அம்மா, மார்பை நசுக்க வேண்டாம் என்றுதான் சொல்கிறேன் என்றதும் உள்ளே போய் யாரையோ கேட்டுவிட்டு வந்தது. கடைசியில் டெக்னீஷியன் அம்மாதான் விஷயத்தைப் புரிந்துகொண்டு வலது பக்கம் மட்டும் எடுத்தார். இடது பக்கத்துக்கு அல்ட்ராசவுண்ட் வேண்டுமென்றால் அது பேக்கேஜில் வராதாம், தனி பில்லாம். நன்றி சொல்லிவிட்டு எழுந்து வந்துவிட்டேன்.

தில்லைநகரில் தெருவுக்குத் தெரு ஸ்கேன் சென்டர்தான். உறவுக்காரப் பெண் ஒருத்தி சொல்லி, இன்னொரு இடத்துக்குப் போனேன். டோக்கன், பிளாஸ்டிக் நாற்காலி, கருவில் இருப்பது ஆணா பெண்ணா என்று சொல்வது குற்றம் என்கிற போர்டு, சுற்றிலும் கர்ப்பிணிகள். "எத்தனையாவது மாசம்?" என்று கேட்டுவிட்டு என் நரைமுடியைப் பார்த்து நாக்கைக் கடித்துக்கொண்டார் ஒரு அம்மா. உள்ளே இருந்தது இளம் லேடி டாக்டர். அவர் கேட்ட முதல் கேள்வியிலேயே எனக்கு நம்பிக்கை வந்துவிட்டது: "ஸ்மூத்தா, டெக்ஸ்சர்டா?"

இந்தக் கேள்வி முக்கியம். சொரசொரப்பான மேற்பரப்புள்ள இம்ப்ளான்ட்டைச் சுற்றி வளரும் சவ்வில் அபூர்வமாக லிம்போமா என்கிற ஒருவகைப் புற்றுநோய் வருகிறது. அலர்கன் நிறுவனத்தின் பயோசெல் வகையை 2019இல் உலகம் முழுக்கத் திரும்பப் பெற்றதும் இதனால்தான். ஏற்கெனவே அதை வைத்திருப்பவர்கள், அறிகுறி எதுவும் இல்லையென்றால் எடுத்துவிட வேண்டிய அவசியமில்லை என்றுதான் சொன்னார்கள். ஆனால் பல வருடம் கழித்து ஒரு பக்கம் திடீரென்று நீர் கோத்து வீங்கினால் சும்மா இருக்கக் கூடாது. ஆபரேஷன் முடிந்ததும் கொடுக்கும் அட்டையில் கம்பெனி, வகை, அளவு, வரிசை எண் எல்லாம் இருக்கும். அதன் போட்டோ என் போனில் இருந்தது, காட்டினேன். என்னுடையது வழவழப்பு ரகம்.

டாக்டர் திரையை என் பக்கம் திருப்பியே பார்த்தார். ஓரத்தில் கோடு மாதிரி ஒன்று தெரிந்ததும் எனக்குப் பகீரென்றது. "இது மடிப்புங்கம்மா, கிழிசல் இல்ல. உள்ள உறை கிழிஞ்சு சுருண்டிருந்தா ஏணிப்படி மாதிரி வரிசையா கோடு வரும்" என்றார். சந்தேகம் வந்தால் எம்.ஆர்.ஐ. எடுக்கலாம், கிழிசல் பார்க்க மட்டும் என்றால் மருந்து ஏற்ற வேண்டியதில்லை, ஆனால் மார்பகத்தைப் படமெடுக்கவென்றே உள்ள தனிக் கருவி (காயில்) இருக்கிற சென்டரா என்று கேட்டுவிட்டுப் போங்கள் என்றும் சொன்னார். முழு இம்ப்ளான்ட் வைப்பதற்கு முன் தோலை விரிக்க எக்ஸ்பாண்டர் வைத்திருக்கும் நிலையில் இருப்பவர்கள் எம்.ஆர்.ஐ. பக்கமே போகக் கூடாது. பெரும்பாலான எக்ஸ்பாண்டர்களில் காந்தம் இருக்கிறது. ரிப்போர்ட் அன்று சாயங்காலமே கைக்கு வந்தது. பில் மொத்தமும் நியூஜெர்சியில் இன்சூரன்ஸ் போக நான் கையிலிருந்து கட்டும் கோ-பே அளவுக்குத்தான் இருந்தது.

இடுப்பு வலிக்கு எண்ணெய் மசாஜ், கிழி ஒத்தடம் என்று போகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. திரும்ப அமைத்த மார்பில் எனக்கு உணர்ச்சி சுத்தமாக இல்லை, பலருக்கும் அப்படித்தான். தோல் வெந்தால்கூடத் தெரியாது. அந்தப் பக்கம் சூடு வைக்க வேண்டாம் என்று படுப்பதற்கு முன்பே சொல்லிவிடுங்கள்.

இனி ப்ளவுஸ். கல்யாணத்துக்குப் பட்டுப்புடவை எடுத்தாயிற்று, தைக்க வேண்டும். ஆபரேஷனுக்குப் பிறகு நான் ரெடிமேடிலேயே ஓட்டிக்கொண்டிருந்தேன். வலது பக்கம் வயதுக்கு ஏற்பத் தொய்ந்திருக்கிறது, இடது பக்கம் வைத்த இடத்திலேயே மேலே நிற்கிறது. அளவு ப்ளவுஸைக் கொடுத்துத் தைத்தால் ஒரு பக்கம் பிடிக்கும், ஒரு பக்கம் தொளதொளக்கும்.

உறையூரில் அண்ணி வழக்கமாகத் தைக்கும் அக்காவிடம் போனேன். விஷயத்தைச் சொன்னதும் கடைப் பையனை டீ வாங்க அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்தினார். பரிதாபப்படவும் இல்லை, கதை கேட்கவும் இல்லை. தோளிலிருந்து டார்ட் (மார்பு வடிவத்துக்காகப் பிடிக்கும் மடிப்புத் தையல்) நுனி வரைக்கும் இரண்டு பக்கமும் தனித்தனியாக டேப் வைத்து, நோட்டில் இ, வ என்று போட்டு எழுதினார். "பிரின்ஸஸ் கட் வேணாம் கண்ணு, தையல் கோடு ரெண்டும் ஏத்த இறக்கமா காட்டிக்கொடுத்துரும். சாதா டார்ட் போட்டு, வலது பக்கம் மட்டும் மெல்லிசா கப் வச்சுத் தூக்கிடறேன். கை தூக்கினா இழுக்குதுன்னு சொன்னல்ல, அக்குள்ல ஒரு துண்டு சேத்துடறேன்." அக்குளில் நெறிக்கட்டிகளை எடுத்த பக்கத்துக் கை எனக்கு அவ்வப்போது வீங்கும் என்று கேட்டுக்கொண்டு இடது கையை அரை இஞ்ச் லூசாக விட்டார்.

மார்பை எடுத்துவிட்டு அப்படியே விட்ட பெண்களும் அவரிடம் வருகிறார்களாம். உள்ளே பஞ்சை வைத்தால் கனமில்லாமல் மேலே ஏறிவிடுகிறது என்று, துணி உறை தைத்து அதில் கொஞ்சம் கனம் சேர்த்து, ப்ளவுஸிலேயே பை வைத்துக் கொடுக்கிறார். "நீ வச்சிருக்கியே, அது இங்க செய்வாங்களா? எவ்வளவு ஆகும்?" என்று கேட்டார். சென்னை ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் 2018இல் மார்பக அறுவை சிகிச்சைக்கென்று இலவச கிளினிக் தொடங்கிய விஷயத்தைச் சொன்னேன். அவருக்குத் தெரிந்திருக்கவில்லை. நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதிக்கொண்டார்.

ப்ளவுஸ் அச்சாக வந்தது, ஆல்ட்டர் செய்யத் திரும்பப் போகவே இல்லை. இவரைப் போல நல்ல டெய்லர் கிடைத்தால் தீபாவளிக்கும் தை முகூர்த்தங்களுக்கும் ரொம்ப முன்னாலேயே துணியைக் கொடுத்துவிடுங்கள். கூட்ட நேரத்தில் புது அளவு எடுப்பதில்லை என்று கறாராகச் சொல்லிவிட்டார்.