பேக்ஃப்ளஷ் பவுடர்: வாங்கலாம், கூடவே ஒரு ஸ்க்ரூடிரைவரும்

எஸ்பிரெசோ மெஷினுக்கென்று தனியாக ஒரு பவுடரா, பாத்திரம் கழுவும் சோப்பு போதாதா? போதாது. காப்பி எண்ணெய் குரூப் ஹெட்டின் (காப்பித்தூள்மேல் வெந்நீர் இறங்கும் தலைப்பகுதி) உள்ளேயும் அதற்குப் பின்னாலுள்ள வால்விலும் போய் ஒட்டிக்கொள்கிறது. அங்கே கையும் போகாது, பிரஷ்ஷும் போகாது. வெந்நீரைப் பின்னோக்கித் தள்ளி அந்த இடத்தைக் கழுவுவதுதான் பேக்ஃப்ளஷ். நான் வாங்கியது சோடியம் பெர்கார்பனேட்டும் சோடியம் கார்பனேட்டும் கலந்த வெள்ளைத் தூள். வெந்நீர் பட்டால் போதும், நுரைத்துக்கொண்டு வேலையைத் தொடங்கிவிடுகிறது.

ஓட்டையில்லாத பிளைண்ட் பாஸ்கெட்டில் அரை டீஸ்பூன் போட்டு மாட்டி, பம்பைப் 10 விநாடி ஓட்டி நிறுத்துங்கள். புஸ்ஸென்று டிரிப் ட்ரேயில் இறங்கும் தண்ணீரைப் பாருங்கள். முதலில் கறுப்பு டீ மாதிரி வரும், அப்புறம் வெளிறும், நாலைந்து தடவையில் வெறும் வெள்ளை நுரை. இதைப் பார்ப்பதில் ஒரு அற்ப சந்தோஷம் இருக்கத்தான் செய்கிறது. பிறகு பவுடர் இல்லாமல் நுரை அடங்கும்வரை இதையே செய்துவிட்டு, முதல் ஷாட்டைக் கீழே கொட்டிவிடுங்கள்.

டப்பாமேல் எனக்குக் கோபம் ஒன்று உண்டு. மூன்றுவழி வால்வு (மிஞ்சிய அழுத்தத்தை டிரிப் ட்ரேயில் இறக்கிவிடுவது) இல்லாத மெஷினில் பேக்ஃப்ளஷ் செய்யவே கூடாது. அழுத்தம் வெளியேற வழியில்லாமல், போர்டாஃபில்டரை (பாஸ்கெட் உட்காரும் கைப்பிடி) கழற்றும்போது வெந்நீர் கையில் தெறிக்கும். இதைப் பொடி எழுத்தில் பின்பக்கம் போட்டிருக்கிறார்கள்!

பவுடரை மட்டும் நம்பியும் பயனில்லை. குரூப் ஹெட்டின் அடியில் வெந்நீரைத் தெளிக்கும் சல்லடையான ஷவர் ஸ்க்ரீனின் திருகைக் கழற்றிப் பின்பக்கம் பாருங்கள், கறுப்புப் பசை அப்பியிருக்கும். அதையும் பாஸ்கெட்டையும் பவுடர் கலந்த வெந்நீரில் அரைமணி நேரம் ஊறவிட்டால் பளிச். அலுமினியப் பாகங்களை மட்டும் போடாதீர்கள், கறுத்துவிடும்.

சுண்ணாம்புப் படிவுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. அதைக் கரைக்க சிட்ரிக் போன்ற அமிலம் வேண்டும்; இது காரம். தண்ணீர் டேங்கில் இதைக் கொட்டுவது வீண், ஆபத்தும்கூட.

தினமும் வெறும் தண்ணீர், மாதம் ஒருமுறை பவுடர் என்பது வீட்டுக்குத் தாராளம். அதிலும் இ-61 எனும் லீவர் வைத்த பழைய வகை குரூப் ஹெட் வைத்திருப்பவர்கள் அடிக்கடி போட்டால் உள்ளிருக்கும் கிரீஸும் கழுவிக்கொண்டு போய், லீவர் கிறீச்சிடத் தொடங்கும். இதே சரக்கு மாத்திரையாகவும் வருகிறது. நான் பவுடர் பக்கம்தான்: அளவு நம் கையில் இருக்கும்.