எவரெஸ்ட் கல்லும் சேவாத்தூர் கல்லும்

பூமியின் மேலோடான பெரும் பாறைத் தட்டுகள் மோதினால் மலை, விலகினால் பிளவு. சரி, கல்லையே கையில் எடுத்துப் பார்ப்போம்.

எவரெஸ்ட் உச்சியில் இருப்பது கடலடிச் சுண்ணாம்புக்கல். சுமார் 5 கோடி ஆண்டுகளுக்கு முன் இந்தியத் தட்டு ஆசியாவோடு முட்டத் தொடங்கியது; கடல்தரை 8,849 மீட்டருக்கு ஏறிவிட்டது. முட்டல் இன்னும் ஓயவில்லை.

எனக்கு அதைவிடப் பிடித்தது நம்ம பழைய வடஆர்க்காட்டுக் கல். திருப்பத்தூர் பக்கம் சேவாத்தூரில் கிடைக்கிற கார்பனடைட், அதாவது கார்பனேட் நிறைந்த ஒரு பாறை. நீர்த்த அமிலம் ஒரு சொட்டு விட்டால் சுண்ணாம்புக்கல் மாதிரியே இதுவும் நுரைக்கும். ஆனால் கடலுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை! 70 கோடி ஆண்டுகளுக்கும் முன்பு ஆழத்திலிருந்து ஏறி உறைந்த பாறைக்குழம்பு இது. இந்த வகைக் குழம்பு பெரும்பாலும் நிலம் இழுபட்டு விரிசல் விடும் இடத்தில்தான் மேலே வரும். இன்றும் அதைக் கக்கும் தான்சானியாவின் ஓல் டோயின்யோ லெங்காய் எரிமலை நிற்பது கிழக்கு ஆப்பிரிக்கப் பிளவில்.