பாலக்காடு பக்கம் கம்ப்யூட்டரை ஓவர்க்ளாக் (கம்பெனி வச்ச வேகத்தைத் தாண்டி ஓட வைக்கிறது) பண்ணக் கொடுக்கிறவங்க படிச்சுட்டுப் போங்க: எனக்கு 36,500 ரூபாய் போச்சு

இன்னைக்கு மத்தியானம் சர்வீஸ் சென்டர்ல என் கம்ப்யூட்டரோட மதர்போர்டையும் ப்ராசஸரையும் திருப்பிக் கையில கொடுத்துட்டாங்க. ப்ராசஸர் உக்கார்ற சாக்கெட்டுல ஒரு ஓரமா கருகிக் கிடக்கு. "இதுக்கு வாரண்டி வராதுங்க." அவ்வளவுதான் பேச்சு. பஸ்ஸுல உக்காந்தே இதை டைப் பண்றேன்.

நான் கொழிஞ்சாம்பாறைப் பக்கம். கல்யாண வீடியோ எடிட்டிங்தான் பொழப்பு. பொள்ளாச்சி மண்டபமும் வரும், சித்தூர் மண்டபமும் வரும். 2023 ஜனவரியில வாங்கின மெஷின்: ஏஎம்டி ரைசன் 5 7600எக்ஸ் ப்ராசஸர், பி650 போர்டு, 6000 வேகத்துல டிடிஆர்5 மெமரி ரெண்டு குச்சி. ரெண்டு வருஷம் ஒரு குத்தம் சொன்னதில்லை. ஆசை எனக்குத்தான். எக்ஸ்போர்ட் இன்னும் கொஞ்சம் சீக்கிரம் முடிஞ்சா ராத்திரி தூங்கலாமேன்னு.

பேர் போடலை. பாலக்காடு டவுன்ல கண்ணாடிக் கதவும் கலர் கலரா லைட்டும் வச்ச கேமிங் கம்ப்யூட்டர் கடை ஒண்ணு. மார்ச் மாசம் அங்க போனேன். கவுண்டர்ல நின்ன பையன் எந்த ஊருண்ணான்னு கேட்டான். கொழிஞ்சாம்பாறைன்னு சொன்னதும் சிரிச்சான். அவங்க அம்மா வீடு வேலந்தாவளமாம். அதுக்கப்புறம் சுத்தமா நம்ம தமிழ்லயே பேசினான், சாயா வாங்கிக் கொடுத்தான். அங்கேயே நான் உருகிட்டேன். "அண்ணா, இதுல இன்னும் எவ்வளவோ பவர் சும்மா கிடக்கு. 3,500 கொடுங்க, ப்ராசஸர் மெமரி ரெண்டையும் ஏத்தித் தரேன்." வாரண்டி என்னாகும்னு கேட்டேன், கேக்காம இல்லை. "அதெல்லாம் ஒண்ணும் ஆகாதுண்ணா, நாங்க இருக்கோம்ல" என்றான். உள்ள இருந்து ஓனரும் "ஒண்ணும் பேடிக்கண்டா"ன்னு (பயப்படாதீங்கன்னு) மலையாளத்துல குரல் கொடுத்தார்.

ஏசி ரூம்ல பத்தே நிமிஷம் சினிபென்ச்னு வேகத்தை அளக்கற சாஃப்ட்வேரை ஓட்டிக் காட்டினான். நம்பர் ஏறுச்சு. பயாஸ் (போர்டோட செட்டிங்ஸ் சாஃப்ட்வேர்) ஸ்க்ரீன்ல மெமரி வேகம் 6400ன்னு வந்ததை நானே போட்டோ எடுத்து ஸ்டேட்டஸ் போட்டேன், பெருமையா. பில்லுக்குப் பதிலா துண்டுச் சீட்டுல "சர்வீஸ் 3500".

வீட்டுல ஏசி கிடையாது, ஓட்டு வீடு, பாலக்காட்டு வெயில் உங்களுக்கே தெரியும். மொத வாரமே எக்ஸ்போர்ட் பாதியில நிக்க ஆரம்பிச்சது. எடிட்டிங் சாஃப்ட்வேரைத் திட்டினேன். அப்புறம் காப்பி பண்ணின ரிசப்ஷன் கிளிப்புல கட்டம் கட்டமா வந்தது. அப்புறம் நீலத் திரை. ஒருநாள் காலையில ஃபேன் மட்டும் சுத்துது, போர்டுல மெமரி லைட் எரிஞ்சபடி நிக்குது.

பெட்ஷீட்ல சுத்தி வண்டியில கொண்டுபோனேன். "பவர் சப்ளை போயிருக்கும்." அது நல்லா இருக்குன்னு காட்டினேன். "பையன் லீவு." அடுத்த தடவை, "விஷு கழியட்டே." விஷுவும் கழிஞ்சது. பையன் வேலையை விட்டுப் போயிட்டானாம், அவன் தனியா பண்ணினதுக்குக் கடை பொறுப்பில்லையாம். அன்னைக்கு உள்ள இருந்து குரல் கொடுத்தது யாருங்க? அதைக் கேட்டதுல இருந்து வாட்ஸப்புல நீல டிக் மட்டும்தான்.

கோயமுத்தூர்ல ஹார்டுவேர் வேலை பாக்கற சித்தப்பா பையன்தான் என் ஸ்டேட்டஸ் போட்டோவைப் பெருசு பண்ணிப் பாத்துட்டு "அடப்பாவி"ன்னான். எஸ்ஓசி வோல்டேஜ் 1.45 வோல்ட். மெமரி கன்ட்ரோலர் ப்ராசஸருக்கு உள்ளயே இருக்கு, அதுக்குப் போற கரண்ட் இது. 2023 ஏப்ரல்ல இதே வரிசை ரைசன்கள் சாக்கெட்டோட கருகுதுன்னு பெரிய பேச்சாகி, ஏஎம்டி புது பயாஸ்ல இதை 1.3க்கு மேல போகாம கட்டிப்போட்டுச்சு. என் போர்டுல வாங்கின நாள் பயாஸ் அப்படியே இருந்தது. கடைப் பையன் மொத வேலையா அதை அப்டேட் பண்ணியிருக்கணும். 6400 நிக்கலைன்னா ஒழுங்கா 6000க்கு இறங்கியிருக்கணும். இவன் என்னடான்னா சைக்கிள் ட்யூபுக்கு லாரிக் காத்து அடிச்சு விட்டிருக்கான்.

ப்ராசஸர் 18,500, போர்டு 14,500, அவனுக்கு அழுதது 3,500. மொத்தம் 36,500. வாரண்டி இன்னும் ஏழெட்டு மாசம் பாக்கி இருந்தது! ஓவர்க்ளாக் பண்ணினதால வர்ற சேதத்துக்கு வாரண்டி இல்லைன்னு கம்பெனியே எழுதி வச்சிருக்கு, எக்ஸ்போ (மெமரி வேகத்தை ஏத்துற ரெடிமேட் செட்டிங்) போட்டாலும் அதே கதைதான்னு இப்பத்தான் தெரியுது.

விவரமா டிப்ஸ் எழுதணும்னுதான் ஆரம்பிச்சேன், சித்தூர் வந்துடுச்சு. சுருக்கமா சொல்றேன்: பயாஸ் அப்டேட் பண்ணாம யாரையும் தொட விடாதீங்க. எஸ்ஓசி வோல்டேஜ் எவ்வளவு வச்சேன்னு எழுதி வாங்குங்க. பத்து நிமிஷ டெஸ்ட்டை நம்பாதீங்க, மெமரியைச் சோதிக்கற மெம்டெஸ்ட்86 ராத்திரி முழுக்க ஓடணும், அதுவும் உங்க வீட்டு வெக்கையில. ஜிஎஸ்டி பில் இல்லாம பைசா கொடுக்காதீங்க. நுகர்வோர் புகார் நம்பர் 1915க்கு நாளைக்குக் கூப்பிடறேன், துண்டுச் சீட்டை வச்சுக்கிட்டு என்ன ஆகும்னு பாப்போம்.

36,500. அந்த ரிசப்ஷன் பொண்ணோட அப்பா மூணாவது தடவை கூப்பிடறார். இன்னும் எடுக்கலை.